ஆட்டிசம் ஏன் கூடுகிறது? சுங்கை சிப்புட் தாய் ஒருவருக்கு என் பதில்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். உங்கள் மூத்த மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று ஈப்போவில் மருத்துவர் உறுதி செய்துவிட்டார். கைக்குழந்தை பெண், பத்து மாதம். தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியை ஒன்பதாம் மாதத்தில் போட்டாகிவிட்டது, பன்னிரண்டாம் மாத ஊசியைப் போடலாமா என்று தயங்குகிறீர்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்கள் மாமியார், "நாங்கள் எட்டும் பத்தும் பெற்றோம், இப்படி ஒன்றைக் கண்டதில்லை. இப்போது தெருவுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது" என்கிறார். ஊசியா, கைப்பேசியா, வயிற்றில் பிள்ளை இருந்தபோது விழுங்கிய பானடோல் காய்ச்சல் மாத்திரையா, தோட்டத்தில் அடிக்கும் மருந்தா என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கடைசி வரியில், "என்மேல்தான் தவறா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். இல்லை அம்மா. நீங்கள் செய்த எதுவும் உங்கள் மகனுக்கு ஆட்டிசத்தைக் கொண்டுவரவில்லை. தாய்சேய் நல கிளினிக்குகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதே கேள்வியைக் கண்ணீரோடு கேட்ட தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தகப்பன்மார் இப்படிக் கேட்டது மிகக் குறைவு. பழி எப்போதும் பெற்றவள் பக்கமே போய் நிற்கிறது. உலகத்திலேயே பெரிய மருத்துவர்கள்கூட அந்தப் பாவத்தைச் செய்தார்கள். 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில், பாசமற்ற தாயால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று சொல்லி, அந்தத் தாய்மாரைக் குளிர்பதனப் பெட்டிக்கு ஒப்பிட்டுப் பேசினார்கள். தன் மகனுக்கே ஆட்டிசம் இருந்த பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964இல் அதை எதிர்த்து எழுதினார். அது உடல் சார்ந்தது, மூளை வளர்ச்சி சார்ந்தது என்பது அதன் பிறகுதான் மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது.

இனி உங்கள் மாமியாரின் பேச்சுக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். நான் பிறந்த தோட்டத்தில், எங்கள் லயத்தின் கோடி வீட்டில் ஒரு பையன் இருந்தான். ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளை எங்கிருந்தாவது பொறுக்கி வந்து வாசலில் வரிசையாக அடுக்குவான். எல்லா மங்கின் வாயும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். யாராவது காலால் ஒன்றைத் தள்ளிவிட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு அழுவான். திருவிழாவில் தப்பு அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவான். பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் பால் லாரி எங்கோ வளைவில் வரும்போதே எல்லாருக்கும் முன்னால் எழுந்து ரோட்டுக்கு ஓடுவான். காது நன்றாகவே கேட்டது. ஊமையன் என்று பெயர் வைத்தார்கள். பூசாரி கயிறு கட்டினார். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததைத் தவிர அவனை வேறு எதற்கும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவன் பெயர் ஏறவே இல்லை. வளர்ந்த பிறகு அடங்காதவர்களை "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவோம்" என்று மிரட்டுவார்கள். 1911இல் திறக்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனை நம் ஊருக்கு மிக அருகில்தானே இருக்கிறது.

அந்தப் பையனை எந்தக் கணக்கில் தேடுவது? ஒரு கணக்கிலும் அவன் இல்லை. அவன் மட்டுமா? கூட்டத்துக்கு வராமல், யார் முகத்தையும் பார்த்துப் பேசாமல், ஆனால் எந்த நாளில் எந்த நிரையில் எத்தனை ராத்தல் பால் இறங்கியது என்று மனப்பாடமாகச் சொல்லும் மனிதர்கள் தோட்டத்துக்கு ஓரிருவர் இருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை. இன்று சிறுபிள்ளைகளாக இருந்திருந்தால் அவர்களில் சிலரையாவது ஒரு மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

இது என் நினைவை மட்டும் வைத்துச் சொல்வதல்ல. இங்கிலாந்தில் 2007இல் பெரியவர்களை வீடு வீடாகப் போய்ச் சோதித்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. முதியவர்களிடமும் இளையவர்களிடமும் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பெரும்பாலோருக்கு அதுவரை யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. அண்மைக் காலத்தில் புதிதாகப் பரவிய ஒன்றாக இருந்தால் எழுபது வயதுக்காரர்களிடம் குறைவாகவும் இருபது வயதுக்காரர்களிடம் அதிகமாகவும் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

எண்கள் ஏறியதற்குப் பெரிய காரணம், ஆட்டிசம் என்று எதைச் சொல்கிறோம் என்பதே விரிந்துவிட்டதுதான். 1943இல் லியோ கேனர் என்ற மருத்துவர் பால்டிமோரில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அந்தப் பிள்ளைகளைப் போலவே கடுமையாக இருந்தால் மட்டும்தான் முதலில் ஆட்டிசம் என்றார்கள். 1966இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் எடுத்த கணக்கில் 10,000 பிள்ளைகளுக்கு 4.5 பேர். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறைக்குள் ஆஸ்பெர்ஜர் வகையும் சேர்ந்தது. நன்றாகப் பேசும், படிக்கும் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். 2013இல் எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு இருக்கும் பிள்ளைக்கு ஆட்டிசமும் இருக்கிறது என்று சேர்த்து எழுத அதற்கு முன்பு அனுமதியே இல்லை.

இன்னொன்று, பெயர் மாறிய பிள்ளைகள். அமெரிக்கப் பள்ளிகளின் சிறப்புக் கல்விப் பதிவேடுகளில் ஆட்டிசம் என்ற பத்தி நிறைய நிறைய, அறிவுத்திறன் குறைபாடு என்ற பத்தி குறைந்துகொண்டே வந்தது. ஒரு பத்தியில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளில் பலர் இன்னொரு பத்திக்குப் போனார்கள். டென்மார்க்கில் 1980 முதல் 1991 வரை பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், ஆட்டிசம் கூடியதில் சுமார் 60 விழுக்காடு, வரையறையும் பதிவு முறையும் மாறியதால் வந்தது என்று கண்டார்கள். சுவீடனில் இன்னும் தெளிவு: பத்து ஆண்டுகளில் மருத்துவப் பதிவுகளில் ஆட்டிசம் ஏறிக்கொண்டே போனது; அதே ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் அறிகுறிகளை நேரடியாகக் கேட்டபோது அந்த அளவு மாறவே இல்லை.

உங்கள் கணவர் அனுப்பிய செய்தியில் வரும் அமெரிக்க எண்கள் சரியானவைதான். 2000இல் 8 வயதுப் பிள்ளைகளில் 150 பேருக்கு ஒருவர். 2022இல் 31 பேருக்கு ஒருவர். இதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அதே 2022 அறிக்கையின் உள்ளே போய்ப் பாருங்கள். டெக்சஸின் லரேடோவில் 103 பேருக்கு ஒருவர், கலிபோர்னியாவின் கணக்கெடுப்புப் பகுதியில் 19 பேருக்கு ஒருவர். ஒரே நாடு, ஒரே ஊசி அட்டவணை, ஒரே பானடோல் வகை மாத்திரை. ஐந்து மடங்கு வித்தியாசம். கலிபோர்னியாவின் அந்தப் பகுதியில் குழந்தை மருத்துவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து, சிறு வயதிலேயே சோதித்துப் பார்க்கிறார்கள். தேடும் இடத்தில் கிடைக்கிறது. நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2005இல் நடத்திய ஆய்வில் ஆயிரத்துக்கு 1.6 என்று வந்தது. அந்த எண்ணையும் அமெரிக்க எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு முறையில், வேறு வேறு வயதில் எடுத்தவை. இன்று நம் கிளினிக்குகளில் 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிச அறிகுறிகளைப் பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் கேள்வித்தாளை நிரப்புகிறார்கள். தெருவுக்கு ஒரு பிள்ளை தெரிவதற்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம்.

அப்படியானால் உண்மையில் கூடவே இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் கூடியிருக்கலாம் என்பதுதான் என் கருத்து. பெற்றோரின் வயது ஒன்று. ஐந்து நாடுகளில் 57 லட்சம் பிள்ளைகளை வைத்து 2016இல் வந்த ஆய்வில், இருபதுகளில் இருக்கும் தகப்பனுக்குப் பிறக்கும் பிள்ளையைவிட ஐம்பதைத் தாண்டிய தகப்பனின் பிள்ளைக்கு ஆட்டிச வாய்ப்பு 66 விழுக்காடு அதிகம். நாற்பதுகளில் இருக்கும் தாய்க்கு 15 விழுக்காடு அதிகம். ஆணின் வயது கூடக் கூட விந்தணுவில் புதிய மரபணு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. இப்போது படிப்பு, வேலை, வீட்டுக் கடன் என்று கல்யாணமே தள்ளிப்போகிறது. ஆனாலும் இதைப் பெரிதாக ஊதிவிடக் கூடாது. தோட்டத்தில் எட்டுப் பிள்ளை பெற்ற தகப்பனுக்குக் கடைக்குட்டி பிறக்கும்போது நாற்பத்தைந்து வயது இருந்திருக்கும். இரண்டாவது, குறைமாதக் குழந்தைகள். ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை தோட்டத்தில் பிழைத்ததை நான் அபூர்வமாகவே கேட்டிருக்கிறேன். இன்று ஈப்போவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் ஆட்டிசம் கூடுதல். நம் பெண்களிடம் அதிகமாக இருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் ஒரு சிறிய தொடர்பு காணப்படுகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட் மாத்திரைக்குக் கர்ப்பத்தில் உறுதியான தொடர்பு இருக்கிறது. வலிப்பு உள்ள பெண்கள் பிள்ளைக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது.

ஊசிக்கு வருவோம். மகன் இரண்டு மூன்று சொல் பேசிக்கொண்டிருந்தான், ஊசிக்குப் பிறகு நின்றுவிட்டது என்கிறார் மாமியார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் கண்டது உண்மை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் வந்த சொல்லை இழக்கிறார்கள். எம்.எம்.ஆர். போடும் வயதும் அதை ஒட்டியே வருவதால் முன்னே நடந்தது பின்னே நடந்ததற்குக் காரணமாகத் தெரிகிறது. ஆனால் 1994இலேயே ஆராய்ச்சியாளர்கள் முதலாம் பிறந்தநாள் வீடியோக்களை வாங்கிப் பார்த்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியான பிள்ளைகள் அப்போதே முகங்களைக் குறைவாகப் பார்த்தார்கள், விரல் நீட்டிக் காட்டுவது குறைவு, பெயருக்குத் திரும்புவது குறைவு. உங்கள் வீட்டிலும் பிறந்தநாள் வீடியோ இருந்தால் ஒரு நாள் மனம் ஆறியிருக்கும்போது பாருங்கள். கேக் வெட்டும்போது அவன் கண் யார்மேல் இருக்கிறது என்று பாருங்கள்.

இந்த ஊசிப் பயம் 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. அந்தக் கட்டுரையை 2010இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழே திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் பறிக்கப்பட்டது. ஜப்பானில் 1993இல் எம்.எம்.ஆர். கூட்டு ஊசியை நிறுத்தியே விட்டார்கள். யோக்கோஹாமாவில் ஊசி நின்ற பிறகு பிறந்த பிள்ளைகளிடமும் ஆட்டிசம் ஏறிக்கொண்டே போனது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இதில் எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. 1964இல் அமெரிக்காவில் ருபெல்லா பரவியபோது தாய் வயிற்றில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளிடம் அதைக் கண்டார்கள். அந்த ருபெல்லாவைத் தடுப்பதே எம்.எம்.ஆர். ஊசிதான்.

பானடோலைப் பற்றி 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே பேசியதால் நம் ஊர் வரை கலக்கம் வந்துவிட்டது. சுவீடனில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2024இல் வந்த ஆய்வைப் பாருங்கள். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில், மாத்திரை சாப்பிட்ட கர்ப்பத்தையும் சாப்பிடாத கர்ப்பத்தையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் காணாமல் போனது. மாத்திரை விழுங்க வைத்த காய்ச்சல், வலி, குடும்பத்து மரபு ஆகியவைதான் முன்பு தொடர்பாகத் தெரிந்தன. கடும் காய்ச்சலை அடக்காமல் விடுவதுதான் கர்ப்பத்துக்கு ஆபத்து. நீங்கள் டெங்கிக் காய்ச்சலில் பானடோல் சாப்பிட்டது சரியான செயல்.

தோட்டத்து மருந்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில் முற்றிலும் பயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதுகில் மருந்து டின்னைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். உங்கள் மாமியாரும் அந்த வேலை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். மூக்கில் இரத்தம் வடிய, நகம் கழன்று என் முன்னால் வந்து உட்கார்ந்த பெண்களின் கைகள் இன்றும் நினைவில் இருக்கின்றன. கையுறை கிடையாது, வாய்க்குக் கட்டியது பழைய சேலைத் துணி. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல்தான் நாட்டில் முழுத் தடை வந்தது. ஆட்டிசத்தைப் பொறுத்தவரை, கலிபோர்னியாவில் ஆட்டிசம் உள்ள 2,961 பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தாய் கர்ப்பமாக இருந்தபோது வீட்டைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடித்திருந்தால் வாய்ப்பு 16 விழுக்காடும், குளோர்பைரிபோஸ் என்ற பூச்சிக்கொல்லி அடித்திருந்தால் 13 விழுக்காடும் கூடுதலாகத் தெரிந்தது. நூறு பேரில் ஒருவர் என்பது 1.16 பேர் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இது தொடர்புதான், இதனால்தான் வந்தது என்று நிரூபித்ததாகாது. உங்கள் மகனுக்கு இது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கர்ப்பிணிகளை மருந்தடிக்கும் வேலையிலிருந்து உடனே மாற்ற வேண்டும், மருந்தடித்த உடையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கக் கூடாது, காலி டின்னில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. இதை எந்த மேனேஜரிடமும் நான் அழுத்திச் சொல்வேன்.

கைப்பேசியால் ஆட்டிசம் வராது. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் பிள்ளைக்குப் பேச்சு தாமதப்படக்கூடும், அதனால் குறையுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை திரையை அதிகம் நாடுவதும் உண்டு. அதைப் பார்ப்பவர்கள் விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டில் சீனி, கோதுமை, பால் என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. நேர்த்திக்கடன் செலுத்துங்கள், அது உங்கள் நம்பிக்கை. மருத்துவம் காத்திருக்காமல் நடக்கட்டும். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறேன், ஆட்டிசத்தைக் குணமாக்குகிறேன் என்று யாராவது மருந்து ஏற்ற வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். அப்படி உலோகம் எடுக்கும் மருந்தை ஏற்றி 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது மரபுதான். ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரை ஆராய்ந்து 2019இல் வந்த கணக்குப்படி, ஒருவருக்கு ஆட்டிசம் வருவதில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபணு சார்ந்தது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து செய்வது. சில உங்கள் பக்கம், சில உங்கள் கணவர் பக்கம், சில யாரிடமும் இல்லாமல் புதிதாக வந்தவை. "உன் வழியில் வந்ததா, என் வழியில் வந்ததா" என்று வீட்டில் வழக்கு நடத்த இதில் இடமில்லை.

அதனால்தான் மகளைப் பற்றிய உங்கள் பயத்துக்கு நேரான பதில் தேவைப்படுகிறது. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் இளையவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று 2024இல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. பெண் குழந்தைக்கு அது குறைவு, ஏறத்தாழ எட்டில் ஒன்று. வராமல் இருக்கும் வாய்ப்பே அதிகம், ஆனாலும் கவனமாகப் பார்க்க வேண்டிய அளவு அது. ஊசியைத் தள்ளிப் போடுவதால் இந்த எண் மாறாது. அமெரிக்காவில் அண்ணனோ அக்காளோ உள்ள 95,727 பிள்ளைகளை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்த வீடுகளிலும் எம்.எம்.ஆர். போட்டதால் இளையவருக்கு வாய்ப்பு கூடவில்லை. பன்னிரண்டாம் மாத ஊசியைத் தேதி தவறாமல் போட்டுவிடுங்கள்.

மகனுக்கு ஈப்போவில் பேச்சுப் பயிற்சிக்குத் தேதி வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். அவன் அடுக்கும் பொம்மைக் காரை நீங்களும் அவனருகில் உட்கார்ந்து அடுக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல் சொல்லுங்கள், அவன் கண் உங்கள் பக்கம் திரும்பும்போது மட்டும் அடுத்த காரைக் கொடுங்கள். சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். மாமியார் "அட்டை எடுத்தால் பெயர் கெட்டுவிடும்" என்பார், எடுத்தே தீர வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 2019 முதல் அரசுப் பள்ளிகள் சிறப்புத் தேவை உள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை நடப்பில் இருக்கிறது. சிறப்புக் கல்வி வகுப்பில் சேரும் மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு.

மகளை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணனின் மருத்துவ அறிக்கையின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். தாதியிடம் காட்டி, மகளின் பதிவுப் புத்தகத்தில் அண்ணனுக்கு ஆட்டிசம் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளிடம் அறிகுறிகள் அடங்கியே தெரியும், சமர்த்து என்று விட்டுவிடுவார்கள். பெயருக்குத் திரும்புகிறாளா, வேண்டியதை விரலால் காட்டுகிறாளா, நீங்கள் காற்றாடியைக் காட்டினால் உங்கள் விரலை விட்டுக் காற்றாடியைப் பார்க்கிறாளா என்று ஒன்றரை வயது வரை கவனித்து வாருங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் 18ஆம் மாதத்துக்குக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய் மகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.